பாதியின் பாதி

பதினொரு நாட்கள் எனக்குச் சிறுநீர் போகவில்லை. கௌரவமான வேறொரு வாக்கியத்தில் இதைத் தொடங்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், கிடைக்கவில்லை. என்னுடைய நோயின் கதை முழுவதும், கட்டிலின் ஓரத்தில் தொங்கிய ஒரு பிளாஸ்ரிக் பையைப் பார்த்துக்கொண்டு கிடந்த கதைதான். அதில் சிறுநீர் இறங்கினால் நான் பிழைப்பேன். இறங்காவிட்டால், மிச்சமிருக்கும் காலம் முழுக்க வாரத்துக்கு இரண்டு தரம் கண்டிக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். அந்த நாட்களில் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் போக எத்தனை இடத்தில் இறங்கி, பையைத் திறந்து, அடையாள அட்டையைக் காட்டி, திரும்ப ஏறவேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு விளங்கும்: இரண்டாவதும் சாகிற வழிதான், கொஞ்சம் சுற்றுப்பாதை.

யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த பிறகு இதை எழுதுகிறேன். நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இலிகிதராகச் சேர்ந்து பிரதம இலிகிதராக ஓய்வுபெற்றவன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. ஓய்வூதியக் கடிதங்கள் இன்னும் அவர்களுடைய கையால்தான் வருகின்றன. சுனாமிக்கு முந்திய மாதம் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கடல் வந்த கிழமையே ஜீப்பில் ஆள் விட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். எந்தப் படிவம் எந்த அலுமாரியில் கிடக்கிறது என்பது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சுனாமி வேலை ஓய்வதற்குள் யுத்தம் திரும்பத் தொடங்கியது. எனது பழைய மேசையிலேயே உட்காரவைத்தார்கள்.

அந்த மேசையின் வேலை இதுதான். எங்கள் வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக இருப்பது எழுவான்கரை. அது அரசாங்கத்தின் கையில் இருந்தது. மேற்கே, வயல்கள் உள்ள பக்கம் படுவான்கரை. அது மற்றவர்களின் கையில் இருந்தது. இங்கிருந்து அங்கே போகிற சீமெந்து, யூரியா, டோர்ச் பற்றரி, முழங்கால்வரை வரும் றப்பர் பூட்ஸ், மருந்து எல்லாவற்றுக்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். அதைத் தயாரித்தது நான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். எந்தச் சுற்றறிக்கையிலும் அது இல்லை. ஆனால் சுற்றறிக்கைகளை விட ஒழுங்காக எல்லோரும் அதைக் கடைப்பிடித்தார்கள். கேட்கிறவர் தனக்கு வேண்டியதைப் போல நாலு மடங்கு கேட்பார். நான் அதைச் சிவப்புப் பேனையால் பாதியாக்கிச் சுருக்கக் கையொப்பம் வைப்பேன். இராணுவ முகாமில் இருக்கும் அதிகாரி அந்தப் பாதியைப் பாதியாக்குவார். கடைசியில் கேட்டவருக்கு வேண்டியது போய்ச் சேரும். எனக்குக் கவனமான உத்தியோகத்தன் என்று பெயர், அதிகாரிக்குக் கண்டிப்பானவர் என்று பெயர். ஒருவரும் நட்டப்படுவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சுனாமிக்குப் பிறகு வந்த மூன்றாவது மாரியில் எனக்குப் பாம்பு கடித்தது. அதற்குள் படுவான்கரை அரசாங்கத்தின் கைக்கு மாறிவிட்டது. இடம்பெயர்ந்த சனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டாம் முறையும் ஓய்வுபெற்று, நான் வேலை பழக்கிய நிர்மலா என்ற பெண் என் கதிரையில் இருந்தாள். அனுமதிப் பத்திரம் மட்டும் அப்படியே இருந்தது. யுத்தம் இடம் மாறினாலும் படிவம் இடம் மாறுவதற்கு வேறு உத்தரவு வேண்டும்.

நாங்கள் களுதாவளையில் இருக்கிறோம். மண்டூருக்கு அங்கால், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் என் மனைவி பாக்கியத்துக்குச் சீதனமாக வந்த வயல் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்களுக்கு. ஆண்கள் அதில் வந்து குடியிருப்பவர்கள். அந்த வட்டை ஒரு போகம் முழுக்க விதைப்பில்லாமல் கிடந்தது, விதைக்க வேண்டியவர்கள் எல்லாரும் அகதி முகாமில் இருந்ததால். வரம்பு தெரியாமல் புல் வளர்ந்தது. புல்லுக்குள் எலி பெருகியது. எலியைத் தேடிப் புடையன் பாம்பு வந்தது. இடம்பெயர்வின் விளைவுகள் என்று எத்தனையோ அறிக்கைகளுக்கு நான் தொடர் எண் போட்டிருக்கிறேன். ஒன்றிலும் புடையன் இல்லை.

பின்நேரம் நாலரை மணி. வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். கடைசிப் பாதை ஐந்து மணிக்கு. அதற்குப் பிறகு துறையில் இராணுவம் மறித்துவிடும். அதைப் பிடிக்கப் பாக்கியமும் நானும் வரம்பில் ஓட்டமும் நடையுமாக வந்தபோது என் வலது கணுக்காலில் யாரோ சுடுதண்ணீர் ஊற்றியது போல இருந்தது. குனிந்து பார்த்தபோது தடித்த உடம்பு ஒன்று, அவசரமே இல்லாமல், புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. உடம்பில் வரிசையாக வட்டங்கள். கண்ணாடிப் புடையன்.

பக்கத்து வயல்காரர்கள் உழவு மிஷின் பெட்டியில் ஏற்றித் துறைக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து மணி கடந்து சில நிமிடங்கள். காவலில் நின்ற சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும். வீங்கிய காலைப் பார்த்தான், பின்னால் இருந்த தன் பெரியவனைப் பார்த்தான், தயங்கினான். கூட வந்தவர்களிடம் நான் சொன்னேன்: "இவனோட கதைச்சுப் பிரயோசனம் இல்ல. நேரம் பிந்தினா வைத்தியர்ர கடிதம் வேணும், முகாமுக்குப் போன் பண்ணி அனுமதி எடுக்கோணும். அதான் முறை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடிதம் எடுத்துக்கொண்டு வருவம்."

"அந்தப் பொடியன் விட்டிருப்பான். இன்னும் ஒருக்கா கும்பிட்டுக் கேட்டிருந்தா விட்டிருப்பான்," என்று பாக்கியம் இன்றுவரைக்கும் சொல்கிறாள். பெட்டியில் என் தலையை மடியில் வைத்திருந்தவள் அவள்.

படுவான்கரையிலிருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் டொக்டர் கிடையாது. உதவி வைத்தியர் ஒருவர் இருந்தார். ஊரார் அப்போதிக்கரி என்பார்கள். பெயர் கனகரெத்தினம். மெலிந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். அவருடைய பெயரை நான் பல வருடமாகப் படிவங்களில் பார்த்திருந்தேன், ஆளை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் என் இரத்தத்தை எடுத்து மேசையில் நிறுத்தினார். இருபது நிமிடம் ஒருவரும் அதைத் தொடக்கூடாது. பிறகு குழாயைச் சரிப்பார்கள். இரத்தம் உறைந்திருந்தால் விஷம் பெரிதாக ஏறவில்லை. தண்ணீர் போல ஓடினால் ஏறிவிட்டது. பெரிய பரிசோதனைக்கூடங்கள் தேவையில்லாத, ஒரு மணிக்கூடு மட்டும் தேவைப்படுகிற சோதனை. இருபது நிமிடம் எவ்வளவு நேரம் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எத்தனையோ பேரை அலுவலக வாங்குப் பலகையில் அதைவிட அதிகமாகக் காக்கவைத்தவன் நான்.

சரித்தார். ஓடியது.

மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். விஷமுறிவு மருந்து சிறு குப்பிகளில் வரும். எனக்கு முதல் வேளைக்குப் பத்துக் குப்பியாவது ஏற்ற வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். உள்ளே ஐந்து இருந்தன.

"அஞ்சா?" என்றேன். "ஏன் அஞ்சு?"

"அஞ்சுதான் வந்த, ஐயா."

"நீங்க எத்தின கேட்ட?"

"இருபது. ரெண்டு பேருக்கு ஒரே நேரத்தில கடிச்சாலும் சமாளிக்கலாம் எண்டு கணக்குப் பார்த்து எழுதின."

"எண்பது எண்டெல்லோ எழுதியிருக்கோணும்!"

ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "எண்பது எனக்குத் தேவையில்லையே, ஐயா."

இருபது, பத்து, ஐந்து. காலில் வீக்கம் முழங்காலைத் தாண்டியிருந்த அந்த நேரத்திலும் கணக்கு எனக்கு உடனே சரிவந்தது. வெட்டிய பத்து என்னுடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த இருபது, நான் விலகுவதற்கு முந்திய கடைசிப் படிவங்களில் ஒன்றிலும் இருந்தது.

ஐந்தையும் ஏற்றினார். மருந்து ஒத்துக்கொள்ளாமல் எனக்கு உடம்பெல்லாம் நடுக்கம் எடுத்தது. அதற்கும் ஊசி போட்டார். முகாமுக்குப் போன் எடுத்துக் கெஞ்சினார். விடிந்ததும் முதல் பாதையில் விடுவதாகச் சொன்னார்கள். அந்த இரவைப் பற்றி எழுதமாட்டேன். அவர் கதிரையைக் கட்டிலோடு போட்டு உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் பதிந்துவைக்கிறேன். காலையில் பையில் இருந்த கொஞ்சச் சிறுநீர் தேயிலைச் சாயம் போல இருந்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

எழுவான்கரை ஆஸ்பத்திரியில் வேண்டிய மிச்ச மருந்தை ஏற்றினார்கள். இரத்தம் உறையத் தொடங்கியது. சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. இளம் டொக்டர், என்னை மூன்றாம் வகுப்பு மாணவனாக நினைத்து, நல்ல தமிழில் விளங்கப்படுத்தினார்: விஷம் இரத்தத்தோடு சுற்றிய நேரத்தில் சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்கள் அடிபட்டுவிட்டன, சிலபேருக்கு அவை இரண்டு மூன்று கிழமையில் திருந்தி எழும்பும், சிலபேருக்கு எழும்பாது.

"எது எனக்கு?" என்றேன்.

"பையைப் பார்த்துக்கொண்டிருப்பம்," என்றார்.

அதுவரைக்கும் உடம்பில் சேரும் கழிவை வெளியேற்ற வேண்டும். வாட்டின் மூலையில் அதற்கென்றே ஓர் இயந்திரம் நின்றது. சுனாமிக்குப் பிறகு ஏதோ ஒரு தேசத்திலிருந்து வந்தது. வெண்மையாக, அழகாக, நெற்றியில் கொடையாளியின் பெயர்ப்பலகையோடு. அது ஓடுவதற்குத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இன்னொரு தொகுதி வேண்டும். அதை ஒருவரும் அன்பளிப்புச் செய்யவில்லை. தாதிகளான மிஸ்ஸிமார் அதன் மேல் மடித்த படுக்கை விரிப்புகளை அடுக்கிவைத்திருந்தார்கள். எனக்கு வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாயை நுழைத்தார்கள். இரண்டு லீற்றர் திரவத்தை உள்ளே விடுவார்கள், அரைமணி வைத்திருப்பார்கள், வெளியே எடுப்பார்கள். குடலைச் சுற்றியிருக்கும் சவ்வே வடிகட்டியாக வேலை செய்து கழிவைத் திரவத்துக்குள் விடும். இரவும் பகலும், மணிக்கூட்டைப் பார்த்து. பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு உப்பும், வடியும், உப்பும்.

அந்தத் திரவம் கொழும்பிலிருந்து லொறியில் வரவேண்டும். சோதனைச் சாவடிகளில் லொறியை முழுக்க இறக்கி, குத்திப் பார்த்து, ஏற்றி அனுப்புவார்கள். குத்திப் பார்த்த பை உதவாது. ஐந்தாம் நாள் பைகள் முடிந்தன. ஒரு பகல் முழுக்க நான் கழிவோடு கிடந்தேன். வாய் எல்லாம் உப்பும் கசப்பும், மூச்சு வாங்கியது, நிர்மலாவின் மேசையில் இருக்கும் சிவப்புப் பேனை சீலிங்கில் ஊர்ந்து திரிவது போலத் தெரிந்தது. பாக்கியம் கையில் இருந்த காப்பைக் கழற்றிக்கொண்டு வெளியே போனாள். எங்கெங்கோ அலைந்து, தனியார் மருந்துக்கடை ஒன்றில் வாங்கிய நாலு பைகளோடு பின்னேரம் திரும்பினாள். காப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் வெறும் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த கட்டிலில் ஏறாவூர் மேசன் ஒருவர், உதுமாலெவ்வை. சுனாமி வீடுகளுக்கு வெள்ளத்தில் நின்று அத்திவாரம் வெட்டியதில் எலிக்காய்ச்சல் வந்தவர். "ஆருக்கோ வீடு கட்டப் போய் எனக்கு ஆஸ்பத்திரி வீடாப் போச்சு" என்பார். என் உத்தியோகம் தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நல்ல பொழுதுபோக்கு.

"சேர், இன்னும் ஒண்டும் வரல்லியா?"

"இல்ல."

"நீங்க ஒரு பர்மிட் எழுதிக் குடுத்துப் பாருங்களேன். அது இல்லாமப் பயத்தில உள்ளயே நிக்கிதோ தெரியா."

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நோய் வந்ததற்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

தாகம்தான் பெரிய வதை. சிறுநீர் போகாதவனுக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீர்தான் அனுமதி. மிஸ்ஸி அளவுக் கிளாசில் ஊற்றித் தருவா. அவ எப்படியும் குறைப்பா என்று நினைத்து நான் ஒரு தரம் இரண்டு கிளாஸ் கேட்டேன். அவ ஒரு கிளாஸ் கூடத் தரவில்லை. கோட்டைக் காட்டி, அந்தக் கோடுவரைக்கும் ஊற்றினா. "ஐயா, எவ்வளவு கேட்டாலும் உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான்," என்றா. இப்படியும் ஒரு நிர்வாக முறை இருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். பாக்கியம் பஞ்சை நனைத்து என் உதட்டில் ஒற்றினாள். அந்தப் பஞ்சிலிருந்து வாய்க்குள் போன சொட்டையும் அவள் மிஸ்ஸியிடம் சொல்லி எழுதுவித்தாள்.

ஒன்பதாம் நாள் கனகரெத்தினம் வந்தார். மாதாந்தக் கூட்டத்துக்கு எழுவான்கரைக்கு வந்தவர், இளநீருக்குக் குரும்பை கொண்டுவந்திருந்தார். எனக்குக் குடிக்கக் கூடாதென்று அறிந்ததும் வெட்கப்பட்டு அதை உதுமாலெவ்வையிடம் கொடுத்தார். கட்டிலில் தொங்கிய வெறும் பையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் சொல்லிவிட்டேன். "கனகரெத்தினம், உங்கட இருபதைப் பத்தா வெட்டினது நான்தான்."

"தெரியும், ஐயா."

"என்னெண்டு தெரியும்?"

"ஒவ்வொரு படிவத்திலயும் உங்கட சுருக்கக் கையொப்பம் இருக்குத்தானே. அந்தப் பின்னேரம் ஆஸ்பத்திரித் துண்டில உங்கட பெயரை எழுதக்குள்ள விளங்கின."

"அப்ப ஏன் என்னட்டச் சொல்லல்ல? அஞ்சு ஏன் எண்டு நான் கேட்ட நேரம் சொல்லியிருக்கலாமே."

"பாம்பு கடிச்சு வந்த மனிசனுக்கு அதையா சொல்லுற?" என்றார். பிறகு, வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல, மெதுவாகச் சொன்னார். "கடல் வந்த வருசம் ஒண்டையும் ஒருத்தரும் வெட்டல்ல. லொறி லொறியா வந்த. பாதி மருந்தில என்ன எழுதியிருக்கு எண்டு எனக்கு வாசிக்கத் தெரியா, மற்றப் பாதி திகதி முடிஞ்சது. எல்லாத்தையும் மண்ணில கிடங்கு வெட்டித் தாட்ட. பாம்புக் கடிக்கு மட்டும் ஒண்டும் வரல்ல. கடலுக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம்? அதுக்கு முந்தியும் அஞ்சு, அதுக்குப் பிறகும் அஞ்சு."

"எத்தின பேர்?" என்று கேட்க வாய் வந்தது. அந்த ஐந்தில் இதற்கு முன் எத்தனை பேர் கிடந்திருப்பார்கள், விடியும் வரை எத்தனை பேர் தாங்கியிருப்பார்கள் என்று. அவரிடம் சரியான எண்ணிக்கை இருக்கும். அவர் எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ தெரியாதவர். கேட்கவில்லை. எனக்குத் துணிவில்லை. அன்றைக்கு உதுமாலெவ்வை பகிடி விடவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் மிஸ்ஸி பையைக் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, திரும்பக் குனிந்து பார்த்தா. நாற்பது மில்லிலீற்றர். பின்னேரம் நூற்றைம்பது. "வந்திட்டு! சேர்ர பர்மிட் பாஸாயிட்டு!" என்று உதுமாலெவ்வை வாட் முழுக்கக் கேட்கக் கத்தினார். பக்கத்து வாட்டிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். பாக்கியம் அதை அளவுப் போத்தலில் எடுத்துக்கொண்டு, கோயில் தீர்த்தம் கொண்டுபோகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மிஸ்ஸியின் மேசைக்குப் போனாள். நான் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டேன். பெரிய உத்தியோகத்தன் ஒருவன் சிறுநீருக்காக அழுவதை ஊரார் பார்க்கத் தேவையில்லை.

அடுத்த கிழமை லீற்றர் கணக்கில் போனது. திருந்துகிற சிறுநீரகம் முதலில் அப்படித்தான் அளவில்லாமல் கொட்டுமாம். மாசம் முடிய வீட்டுக்கு விட்டார்கள். கணுக்காலில் பாம்பு கடித்த இடம் அழுகி, சதை எடுத்து, ஒரு கரண்டி அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

நடக்கத் தொடங்கிய முதல் கிழமையே என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவன், அன்றைக்கு வெளியே வாங்கில் இருந்தேன். முறை வந்ததும் நிர்மலா எழும்பி நின்றாள். "இதென்ன சேர், நேர உள்ளுக்கு வந்திருக்கலாமே!"

கனகரெத்தினத்தின் புதுப் படிவம் அவளது தட்டில் இருந்தது. இருபது. பக்கத்தில் சிவப்புப் பேனை.

"இந்த மனிசன் கூட்டிக் கேக்கிறவர் இல்ல, பிள்ள. இருபது எண்டா இருபதுதான். இத வெட்டாத."

அவள் சங்கடப்பட்டாள். "சேர், நீங்கதானே சொல்லித் தந்த, எல்லாரும் கூட்டித்தான் கேப்பாங்க எண்டு. இவர் மட்டும் கூட்டல்ல எண்டதுக்கு என்ன அத்தாட்சி? நாளைக்கு மேல கேட்டா நான் என்ன காட்டுற?"

சரியான கேள்வி. நான் பழக்கிய பிள்ளை. சாரத்தைக் கொஞ்சம் உயர்த்தி, காலைத் தூக்கி அவளுடைய மேசை ஓரத்தில் வைத்தேன். அவள் அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். பின்னால் இருந்த இலிகிதர்களும் எழும்பிப் பார்த்தார்கள்.

"இதக் கோப்பில போட ஏலாதே, சேர்," என்றாள்.

"காலைப் போட ஏலாது. கடிதத்தைப் போடலாம்." அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதினேன்: படிவத்தில் பாதி வெட்டியது யார், எந்த ஆதாரமும் இல்லாமல் ஏன் வெட்டினான், அதனால் யாருக்கு என்ன நடந்தது. முழுப் பெயரும் முழுக் கையொப்பமும் வைத்தேன். ஏற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தரச் சொல்லி நகலை வாங்கிக்கொண்டு வந்தேன். முகாமில் பாதியாவதை நான் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே என்னுடைய கால் செல்லாது.

மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"ஐயா, நான் கனகரெத்தினம். சுகமா?"

"சுகம். சொல்லுங்க."

"இந்த முற பத்து வந்திருக்கு."

"நல்லம்தானே."

"இல்ல ஐயா... வழமையா அஞ்சுதான். எங்கயோ ஆரோ பிழை விட்டிருக்காங்க போல. உங்களுக்கு முறை தெரியும். மற்ற அஞ்சையும் திருப்பி அனுப்போணுமா?"

அனுப்பவேண்டாம், பத்தையும் குளிர்ப்பெட்டியில் வையுங்கள் என்றேன். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன்; இருக்கிறது என்றார். பிறகு, எனது பழைய புத்தி விடாமல், சொன்னேன்: "அடுத்த தவணைக்கு நாற்பது எண்டு எழுதுங்க, கனகரெத்தினம். முகாமில பாதியாக்கினாலும் இருபது கிடைக்கும். நான் சொல்லுறன், எழுதுங்க."

மறுமுனையில் குளிர்ப்பெட்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"நாற்பது எனக்குத் தேவையில்லையே, ஐயா," என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டுப் பாக்கியத்திடம் ஒரு தாளும் பேனையும் கேட்டேன். முகாம் அதிகாரிக்கு எழுதவேண்டியிருந்தது, இந்தக் காலைக் கூட்டிக்கொண்டு நேரில் வரலாமா என்று.